வேணாம் அக்காவின் கரை

என் கணவரின் அக்கா இறந்து ஏழு வாரம் ஆகிறது. அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் அவரை நர்ஸம்மா என்றார்கள், மீதிப் பேர் படகுக் குளத்து அம்மா என்றார்கள். இரண்டும் சரிதான். ஆனால் கடைசிப் பத்தொன்பது வருடம் அவர் செய்த வேலை அந்த இரண்டு பெயரிலும் இல்லை. நூற்று நாற்பது தப்படி நீளமும் மூன்று ஆள் உயரமும் உள்ள ஒரு மண் கரையை விழாமல் பார்த்துக்கொண்டார். அதை எழுதிவைக்க என்னை விட்டால் ஆள் இல்லை. என் கணவர் எழுதமாட்டார். அக்காவைப் பற்றிப் பேசவே அவர் இன்னும் ஆரம்பிக்கவில்லை.

குளம் எங்கள் குடும்பத்தினுடையது. என் மாமனார் செங்கல் சூளை நடத்தியவர். மண் வெட்டி வெட்டி உண்டான பள்ளத்தை ஒட்டி ஒரு சிற்றோடை போகிறது. சூளையை மூடிய வருடம், கையைக் கட்டிக்கொண்டு உட்காரத் தெரியாத அந்த மனிதர், ஓடைக்குக் குறுக்கே கரை போட்டுத் தண்ணீரைப் பள்ளத்தில் தேக்கிவிட்டார். களிமண்ணைத் தொட்டுப் பார்த்தே தரம் சொல்கிற விரல்கள் அவருக்கு. கரையின் நடுவில் நல்ல களிமண்ணைச் சுவர்போல வைத்து, இரண்டு பக்கமும் சாதாரண மண்ணைச் சரித்து இறுக்கினார். பாசனத்துக்கு இல்லை, குடிக்கவும் இல்லை. நீந்த, தூண்டில் போட, படகு விட. ஏழு துடுப்புப் படகு, குதிக்க ஒரு பலகை, உடை மாற்ற இரண்டு அறை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் குளத்தில் தண்ணீரைவிடத் தலைதான் அதிகம் தெரியும்.

அப்போது கரைக்குக் கீழே வெறும் புதர். பிறகு ஒரு சலவைக்கடை வந்தது. அதன் பின்னால் ஒவ்வொன்றாக ஒன்பது வீடுகள் வந்தன. கரை மாறவில்லை. அதன் கீழே தூங்குகிறவர்கள் கூடிப்போனார்கள்.

அண்ணி ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை வார்டில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். மாமனார் போனதும் வேலையை விட்டுவிட்டுக் குளத்துக்கே குடிவந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது அதை இழுத்தால், "இவ்வளவு நாள் ஒரு கிழவரைப் பார்த்துக்கிட்டேன், இனிமே இந்தக் கிழவியைப் பார்த்துக்கணும்" என்று கரையைக் காட்டுவார். இப்படிச் சின்ன அணை வைத்திருக்கும் தனியாருக்காக அரசாங்கம் நடத்திய ஒருநாள் வகுப்புக்குப் போனார். வந்திருந்த முப்பது பேரில் கடைசிவரை கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது அவர் ஒருவர்தானாம். அங்கே பாடம் எடுத்த பொறியாளரின் தொலைபேசி எண்ணை வாங்காமல் அவர் எழுந்திருக்கவில்லை.

வகுப்பு முடிந்து வந்ததும் பலகைகள் முளைத்தன. கரையில் மரம் வைக்க வேண்டாம். கரைமேல் சைக்கிள் ஓட்ட வேண்டாம். சரிவில் சறுக்கி விளையாட வேண்டாம். நீந்த வரும் பிள்ளைகள் அவருக்கு 'வேணாம் அக்கா' என்று பேர் வைத்துவிட்டார்கள். அண்ணிக்கு அதில் கோபமே இல்லை. ஒரு தம்பதி தங்கள் திருமண நாளுக்குக் கரையில் ஒரு கன்று நட ஆசைப்பட்டு வந்தார்கள். "உங்க கல்யாணம் நூறு வருஷம் இருக்கட்டும். மரம் நூறு வருஷம் இருக்காது. அது செத்து வேர் மக்கினா அந்த ஓட்டை வழியா குளமே வெளியே போயிடும். கன்றை வாசல்ல வையுங்க" என்று திருப்பி அனுப்பினார். ஒரு தடவை சரிவில் எலி வளையைப் பார்த்துவிட்டு, நான் சும்மா இல்லாமல், "எலி வளையானாலும் தனி வளைன்னு சொல்வாங்களே அண்ணி, விட்டுடுங்களேன்" என்றேன். "தனி வளைதான். ஆனா இது தனி வீடு இல்லம்மா, ஒன்பது வீடு" என்று சொல்லி, களிமண்ணை நனைத்துத் திணித்துக்கொண்டே இருந்தார்.

அவருடைய தினசரி வேலை வார்டு சுற்றுவது போலத்தான். காலை ஆறு மணிக்குக் கரையின் மேல் ஒரு நடை, அதன் அடியோரம் ஒரு நடை. அடியில் கிழக்கு மூலையில் ஒரு கசிவு உண்டு, மாமனார் காலத்திலிருந்தே. விரல் தடிமனுக்குத் தண்ணீர் ஓசையில்லாமல் வந்து வாய்க்காலில் சேரும். அங்கே ஒரு லிட்டர் குவளையைப் பிடித்து, அது நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று பார்ப்பார். நாற்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவில் இருக்கும். பிறகு அதே தண்ணீரைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்துச் சமையலறை ஜன்னலில் வைப்பார். சாயங்காலம் அடியில் வண்டல் படிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொட்டுவார். பத்தொன்பது வருடமும் தெளிந்த தண்ணீர்.

என் கணவருக்கு அந்தக் கசிவைக் கண்டால் ஆகாது. அவர் ப்ளம்பர். "ஊர்ல எவன் வீட்டுல ஒழுகினாலும் என்னைத்தான் கூப்பிடறான். என் சொந்தக் குளம் ஒழுகிட்டே இருக்கு. வெளியே தெரிஞ்சா சிரிப்பாங்க" என்பார்.

"சிரிச்சா சிரிக்கட்டும்டா. மண் கரைன்னா கொஞ்சம் கசியும். தெளிஞ்சு வர்ற வரைக்கும் பயமில்லை" என்பார் அண்ணி.

"கசியறதை அடைக்கறதுதான் என் தொழில்."

"உன் தொழில் குழாயோட நிக்கட்டும்."

இது வருடத்துக்கு நாலு தடவை நடக்கும் பேச்சு. யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் அண்ணிக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. செவ்வாய்க்கிழமை நகரத்துக்குப் போனார். கூட வேலை பார்த்த தோழி வீட்டில் தங்கிவிட்டுச் சனிக்கிழமை வருவதாக ஏற்பாடு. அந்த ஞாயிறு அலுவலகங்களுக்கு இடையேயான படகுப் போட்டி இருந்தது. கரையடியில் வண்டி நிறுத்தும் இடம் கசிவினால் சேறாகக் கிடந்தது. முந்தின வருடம் ஒரு அதிகாரி அதில் வழுக்கி விழுந்து, பேண்ட்டைத் துவைத்து, அது காய்கிற வரை உடை மாற்றும் அறையிலேயே இருந்தார்.

வியாழக்கிழமை என் கணவர் சிமெண்ட் மூட்டையோடு வந்தார். "அக்கா வர்றதுக்குள்ள முடிச்சுடலாம். வந்து பார்த்து அசந்துடணும்" என்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் யாருக்கும் தடுக்க மனம் வராது. எனக்கும் வரவில்லை. அண்ணியின் புட்டியைத் தினமும் அந்த ஜன்னலில் பார்த்தவள் நான். எதற்கு என்று ஒரு தடவையாவது கேட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. சீக்கிரம் இறுகும் சிமெண்டை நான் குழைத்துக் கொடுத்தேன், அவர் அடைத்தார். உள்ளே துணி திணித்து, கல் பதித்து, மேலே பூசி, சுத்தமான வேலை. சாயங்காலத்துக்குள் தரை காய ஆரம்பித்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் அங்கே நின்று காபி குடித்தோம்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அண்ணி வந்தார். இடது கண்மேல் பிளாஸ்டிக் மூடியை ஒட்டியிருந்தார்கள். வீட்டுக்குள் பையை வைத்துவிட்டு நேராகக் கரையடிக்குப் போனார். நாங்கள் பின்னால் போனோம். என் கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தார்.

அண்ணி சிமெண்டைப் பார்த்தார். காய்ந்த தரையைப் பார்த்தார். நாங்கள் எதிர்பார்த்த எதுவும் அவர் முகத்தில் வரவில்லை.

"எப்போ?" என்றார்.

"வியாழக்கிழமை, மதியம்" என்றார் என் கணவர். "எப்படி இருக்கு?"

"ஆபரேஷன் பண்ண வயித்துலேர்ந்து நீர் வடிய ஒரு குழாய் விட்டிருப்பாங்க, பார்த்திருக்கியா? அதை யாராவது முடிச்சுப் போட்டு அடைச்சா நீர் எங்கே போகும்?"

அண்ணி அதற்குள் கரையின் அடியோரமாகவே மேற்கே நடக்க ஆரம்பித்திருந்தார். ஒற்றைக் கண்ணால் புல்லை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டு போனார். முப்பது முப்பத்தைந்து தப்படியில் நின்றார்.

"என்னைக் குனியக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. ஏம்மா, நீ குனிஞ்சு பாரு. இங்கே புல் ஏன் நிறம் மாறியிருக்கு?"

முழங்காலிட்டுப் புல்லை விலக்கினேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழி. நடுவில் தண்ணீர் கொதிப்பதுபோல் மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது. சுற்றிலும் பொடி மண் எறும்புப் புற்றின் வாய்போல வட்டமாகக் குவிந்திருந்தது.

"தண்ணி என்ன நிறம்?"

"டீ மாதிரி இருக்கு அண்ணி."

"பால் விட்ட டீயா, விடாத டீயா?"

"பால் விட்டது."

அண்ணி தம்பியின் பக்கம் திரும்பினார். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. "இப்போ அழாதே. அழறதுக்கு அப்புறம் நேரம் தர்றேன்" என்றார்.

பொறியாளருக்கு அங்கிருந்தே போன் செய்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அடைபட்ட தண்ணீர் வேறு வழி தேடிக் கரையின் வயிற்றிலிருந்து மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது, அந்தப் பொந்து குளம் வரைக்கும் நீண்டால் கரை நிற்காது என்றார் அவர். புது ஊற்றின் மேல் முதலில் மணல், அதன்மேல் பொடி ஜல்லி, அதன்மேல் பெரிய ஜல்லி. தண்ணீர் வரட்டும், மண் வரக் கூடாது. மதகைத் திறந்து குளத்தை இறக்க வேண்டும். நீர்மட்டம் இறங்கும்வரை சிமெண்டைத் தொடக் கூடாது. நானும் கிளம்பி வருகிறேன், வந்து சேர மாலை ஆகும் என்றார்.

"கீழே இருக்கிறவங்களுக்கு யார் சொல்றது?" என்று அண்ணி கேட்டார். பதிலைக் கேட்டுக்கொண்டு, "சரி, நானே போறேன்" என்று போனை வைத்தார்.

அப்போதுதான் என் கணவருக்கு வாய் திறந்தது. "அக்கா, கீழே போய்ச் சொல்லாதே. உன் காலைப் பிடிக்கிறேன். நாங்க ரெண்டு பேரும் இப்பவே மணல் போட்டுடறோம். நீ சொன்னா நாளைக்கே நீர்வளத் துறைக்குப் புகார் போகும். ஆத்துக்கு அந்தப் பக்கம் மீன் குட்டைக் கரையை என்ன பண்ணாங்க? ஒரே ஆர்டர், பொக்லைன் வெச்சு உடைச்சுட்டுப் போயிட்டாங்க. உனக்குன்னு இது ஒண்ணுதான் இருக்கு."

"இது ஒண்ணுதான் இருக்கு. அதனாலதான் நானே போய்ச் சொல்லணும்."

"நான் பண்ண தப்புக்கு நீ ஏன் குளத்தை இழக்கணும்?"

"நீ பண்ணதுன்னு ஒரு இடத்துலயும் சொல்லமாட்டேன். கரை என் பொறுப்பு. போய் மணலைக் கொண்டா."

படியிறங்கிப் போய்விட்டார். ஒற்றைக் கண்ணோடு ஒன்பது வீட்டுக் கதவையும் தட்டினார். நானும் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன். எல்லா வாசலிலும் ஒரே வார்த்தைகள்: "என் கரை மண்ணா கசியுது. சரியாகலாம், சரியாகாமலும் போகலாம். நான் வந்து சொல்றவரைக்கும் மேட்டுப் பக்கம் போய் இருங்க." பூசி மெழுகவில்லை. ஒரு வீட்டுப் பெண், "வேணாம் அக்கா, விளையாட்டு இல்லையே?" என்று கேட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டார்.

சலவைக்கடைக்காரர்தான் சத்தம் போட்டார். ஆறு சலவை இயந்திரத்தை விட்டுவிட்டு எப்படிப் போவது? "இத்தனை வருஷமா எங்க தலைமேல தண்ணியைக் கட்டி வெச்சுக்கிட்டு, இப்போ வந்து மெதுவா சொல்றீங்களா நர்ஸம்மா? மதகை முழுசா திறந்து விடுங்க. இன்னிக்கே காலி பண்ணுங்க!"

"அது வேணாம்."

"வேணாமா! எல்லாத்துக்கும் வேணாமா?"

"ஒரு நாளைக்கு ஒரு அடிக்கு மேல இறக்கினா, உள்பக்கம் ஊறிக்கிடக்கிற மண் சரிஞ்சு விழும். மகோதரம் வந்து நீர் கோத்து வீங்கின வயித்துலேர்ந்து அதை ஒரேயடியா எடுத்தா ஆள் போயிடுவார். நான் பார்த்திருக்கேன். கொஞ்சம் கொஞ்சமாத்தான் எடுக்கணும்."

கரையடிக்குத் திரும்பி வந்தால் படகுப் போட்டியின் செயலாளர் காரில் காத்திருந்தார். "மேடம், நாளைக்கு ஒரு நாள். நாற்பது அணி. மதகைத் திங்கட்கிழமை திறந்துக்கோங்களேன்" என்றார்.

"கீழே ஒருத்தர் இன்னிக்கே காலி பண்ணுன்னு சொல்றார். நீங்க இன்னிக்குத் திறக்கவே வேணாம்னு சொல்றீங்க. ரெண்டு பேர் சொல்றதும் எனக்கு வேணாம். போட்டி கிடையாது, வண்டியைக் கரையடியிலேர்ந்து எடுங்க" என்றார் அண்ணி.

மதகின் சக்கரத்தை அவர் மாதாமாதம் மசகு போட்டுத் திருப்பிப் பார்த்துவைத்திருந்ததால் அது தகராறு செய்யவில்லை. பாரம் இழுக்கக் கூடாது என்பதால் அவர் எண்ண, நான் திருப்பினேன். "ஆறு சுற்று. போதும். ஏழாவது வேணாம்." என் கணவர் தனியாகவே மணல் சுமந்தார். நாங்கள் யாரும் அவரை நிறுத்தச் சொல்லவில்லை. மணல் அடுக்கு, பொடி ஜல்லி, பெரிய ஜல்லி, அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல ஏறியது. பன்னிரண்டு மணிக்குப் பிடித்த தண்ணீர் பால் விட்ட டீ. இரண்டு மணிக்கும் அதேதான். ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டோம். அண்ணி மட்டும் புட்டியைப் பார்த்தார். "இன்னும் ரெண்டு கூடை பொடி ஜல்லி" என்றார். நாலு மணிக்கு விடாத டீ ஆனது. பொறியாளர் வந்து ஊற்றடியில் மண்டியிட்டபோது மணி ஐந்தரை. ஜல்லிக்கு நடுவே தண்ணீர் நிற்காமல் வந்துகொண்டிருந்தது, நிறமே இல்லாமல்.

"இந்த ஜல்லி அடுக்கை யார் போட்டது?" என்று கேட்டார்.

"என் தம்பி" என்றார் அண்ணி.

வீட்டுக்காரர்கள் ஐந்து நாள் கழித்துத் திரும்பி வந்தார்கள். நீர்மட்டம் ஐந்தடி இறங்கியபின், என் கணவர் தன் சிமெண்டைத் தானே உளியால் கொத்தி எடுத்தார். பழைய கசிவு மறுபடி வந்தது, தெளிவாக. அன்றைக்குத்தான் அண்ணி, "இப்போ அழுதுக்கோ" என்றார். அவரும் அழுதார்.

புகார் போகத்தான் போனது. இரண்டு மாதம் கழித்து விசாரணை. நீர்வளத் துறை அதிகாரி, பொறியாளர், நாங்கள், கீழ்வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரு நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். கரையை உடைத்துவிடுவது பற்றி அதிகாரி கேட்டார். கீழே இருப்பவர்கள் சொல்வதை வைத்துத்தான் முடிவு என்றார். அண்ணி கைகளை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார்.

சலவைக்கடைக்காரர் எழுந்தார். புகாரில் முதல் கையெழுத்து அவருடையது. "உடைக்கணும்னுதான் எழுதிக் கொடுத்தேன். அப்புறம் யோசிச்சேன். எனக்கு மேலே மலைப்பக்கம் இன்னும் மூணு கரை இருக்கு. அந்த மூணும் ஒழுகுதா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? யார் வந்து சொல்வாங்க? இந்தம்மா ஒத்தைக் கண்ணோட வந்து கதவைத் தட்டினாங்க. சொல்றவங்க கையில கரை இருக்கட்டும். இருந்துட்டுப் போகட்டும்."

"இருந்துட்டுப் போகட்டுமா? ஒழுங்கா இருக்கும்" என்றார் அண்ணி. அவ்வளவு பேருக்கு நடுவில் முதல் தடவையாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது.

கரையின் அடி முழுக்க மணலும் ஜல்லியும் நிரப்பிய வடிகால் வைத்தாக வேண்டும், அதுவரை குளம் பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது என்று அதிகாரி எழுதினார். அண்ணி அதில் இன்னொரு நிபந்தனையைச் சேர்க்கச் சொன்னார். கசிவு கலங்கினால், கரைக்குச் சொந்தக்காரர் அரை மணி நேரத்துக்குள் ஒன்பது வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். "நான்னு எழுதாதீங்க. யார் சொந்தக்காரரோ அவங்கன்னு எழுதுங்க. நான் சாசுவதமா இருக்கப்போறேனா?" என்றார்.

வடிகால் வைக்க இரண்டு கோடை ஆனது. அந்த இரண்டு வருடமும் குதிக்கும் பலகை சேற்றுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் கேலி செய்தார்கள். படகுகள் கவிழ்ந்து கிடந்தன. துறை நிரப்பலாம் என்று சொன்ன பிறகும் அவர் ஒரு முழு மழைக்காலத்தைப் பாதிக் குளத்தோடு கழித்துப் பார்த்துவிட்டுத்தான் மதகை மூடினார். அதற்குப் பிறகு மூன்று வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடி தலைகள் தெரிந்தன.

அவர் மாரடைப்பில் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, காலைச் சுற்று முடித்துவிட்டு வந்த பிறகு. அன்றைய அளவு: நாற்பத்து மூன்று வினாடி, தெளிவு.

குளம் இப்போது என் கணவர் பெயரிலும் என் பெயரிலும் மாறியிருக்கிறது. அந்த நிபந்தனை இனி எங்களுடையது. மழை தொடங்க மூன்று வாரம்தான் இருக்கிறது. ஒன்பது வீடுகளில் இரண்டில் புதுக் குடித்தனம் வந்திருக்கிறது. அவர்களுக்கு எங்களைத் தெரியாது, கரையைப் பற்றியும் ஒன்றும் தெரியாது. நாளை காலைச் சுற்று முடிந்ததும் இரண்டு வீட்டுக்கும் போய் நாங்கள் யார் என்று சொல்லவேண்டும். என்றைக்காவது நாங்கள் கதவைத் தட்டினால் கேள்வி கேட்காமல் மேட்டுக்குப் போகவேண்டும் என்பதையும் சொல்லவேண்டும். வருகிறீர்களா என்று என் கணவரிடம் கேட்டேன். பேச்சு இன்னும் வரவில்லை, சரியென்று தலையை மட்டும் ஆட்டினார். பேச வேண்டியதை நான் பேசிக்கொள்கிறேன், கூட வந்து நில்லுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.